குரூப் ஃபோர்

சனிக்கிழமை டோக்கன் நாள்.
விசைப்படகெல்லாம் காலையிலேயே கிளம்பிவிடும்.
அப்பன்மார் இல்லாத ராத்திரி என்பதால்
அன்றைக்கு வைத்துக்கொண்டோம்.

மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்கு மேல் ஓர் அறை.
வாடகை ஆயிரத்து இருநூறு.
கதவில் நம்புச்செல்வி எழுதிய அட்டை:
குரூப் ஃபோர் தேர்வுப் பயிற்சி, சேர்க்கை நடைபெறுகிறது.
வீட்டில் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை.
அரசாங்க வேலைக்கு இருக்கிற மரியாதையில்
ஒண்டிக்கொள்கிறோம்.
பொய்யா இது, என்பாள் நம்பு,
குரூப்தானே, முதல் நாள் நாலு பேர்தானே.

இப்போது ஒன்பது.
நான் நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிறவள்.
விரலில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டுதான் படியேறுவேன்.
எதற்கென்று எதிரில் உட்காரும் நம்புவுக்குத் தெரியாது.
தெரியும்.

ஹபீப் கீழக்கரையிலிருந்து பஸ் மாறி வருவான்,
கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடுவான்.
நடுவில் முக்கால் மணி நேரம்
அவன் அவனாக இருப்பான்.
வளன் பதிவேட்டில் கையெழுத்துப் பழகுகிறான்.
வீட்டில் வைத்த பெயர் வேறு.
ஆறு மாதமாகியும் அந்த 'ன்' சரியாக வளையவில்லை என்று
ஒவ்வொரு வாரமும் குறைபடுவான், சந்தோஷமாக.

மதுரை டாக்டருக்குப் போகிறவர்களின் பஸ் காசு
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்கிறது.
நடுராத்திரி யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கிற முறை
இந்த வாரம் எனக்கு.
எப்பக் கல்யாணம் என்று கேட்டால்
பத்து ரூபாய் அபராதம், விளையாட்டுக்குக் கேட்டாலும்.

கீழே ஐஸ் உடைக்கிற மெஷின்.
விடிந்தால் கரையேறப்போகும் மீனுக்காக
ராத்திரியெல்லாம் அரைக்கும்.
அது ஓடும்போதுதான் கனமானதைச் சொல்வோம்.
பாளம் விழுந்து நொறுங்குகிற சத்தத்தில்
எந்த வார்த்தையும் தூள்தான்.

போன வாரம் வேதாளையிலிருந்து ஒருவன்
சைக்கிளில் வந்தான்.
பேர் கேட்டதற்கு, அப்புறம், என்றான்.
அப்புறம் என்றே எழுதிக்கொண்டாள் நம்பு.
சுவரில் ஒட்டிய பழைய வினாத்தாளையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
மெஷின் ஓட ஆரம்பித்ததும் வாய் திறந்தான்.
உதடு மட்டும் தெரிந்தது.
தலையாட்டினோம்.
பாதியில் கரண்ட் போனது.

"...அவனத்தான் எனக்குப் புடிச்சிருக்கு."

மின்விசிறி தானாகச் சுற்றி நின்றது.
அறை முழுக்க அந்த ஒரு வரி.
படியடியிலிருந்து ஐஸ்காரர் பூமிநாதன் குரல்:
"மேல என்ன பாடம் நடக்குது?"
"பொது அறிவுண்ணே", என்றாள் நம்பு.
கொஞ்ச நேரம் பதிலில்லை.
பிறகு பீடி பற்றவைக்கிற தீக்குச்சி உரசல்.
"சரி, சத்தமாவே படிங்க.
கரண்ட் வர ஒரு மணி நேரமாகும்."

இருட்டில் வளன் ஆரம்பித்தான்:
"வடக்க இருக்கிறது பெண்கடல், தெக்க ஆண்கடல்.
வாடைக் காத்துல வடக்கு குமுறும், தெக்கு படுத்துக்கும்.
கச்சான் அடிச்சா அப்படியே தலைகீழ்.
பேரை மட்டும் மாத்த மாட்டாங்களாம்..."
"உவமை வந்துருச்சுடா, யாராவது நிறுத்துங்க", என்றான் ரெக்ஸன்.
அன்றைக்கு இஞ்சின் கோளாறில் படகு போகாததால் வந்திருந்தான்.
முதலில் சிரித்தது வேதாளைக்காரன்.

அவன் சைக்கிளில் லைட் இல்லை.
சர்ச் வளைவு தாண்டும்வரை
போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
பெரிய உபயோகமில்லை, இருந்தாலும்.

கரண்ட் வந்தபின் பதிவேட்டைத் திறந்தாள் நம்பு.
அப்புறம் என்பதை அடித்துவிட்டு
இருட்டிலேயே பேர் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்,
கோடு தெரியாமல்,
வளன் கையெழுத்தின் மேலேயே.
இரண்டு பேரையும் படிக்க முடியவில்லை.
வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
என் விரலில் அவள் விரல் இடித்தது.

அடுத்த சனி கேட்க வேண்டும்.
பாம்பனில் கூண்டு ஏற்றாமல் இருந்தால்.