அருகுதல்

காலை எட்டுக்குப் பிலிகுண்டுலுவிலிருந்து எண் வரும்.
நேற்று அறுபத்தைந்தாயிரம். இன்று நாற்பத்தெட்டு.
பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து
ஒரு வரி எழுதுவேன்:
நீர்வரத்து படிப்படியாகக் குறைந்து வருகிறது.

தர்மபுரி டெஸ்கிலிருந்து மாதையன் கேட்பான்:
"படி எங்க இருக்கு ஆத்துல?"

நியாயந்தான். ஆறு படியிறங்குவதில்லை.
பாறையில் ஈரக்கோடு ஒன்றை விட்டுவிட்டு
அதற்கு ஒரு சாண் கீழே
இன்னொன்றை விட்டுவிட்டுப் போகிறது.
யோசித்தால், அதுவும் படிதான்.

மறுநாள் 'வடிந்தது' என்று எழுதினேன்.
வடித்தால் ஏதாவது மிஞ்சும்.
பானையில் என்றால் சோறு.
ஆற்றில் என்றால் மணல், ஒற்றைச் செருப்பு,
எந்த ஊர்ப் பந்தலிலிருந்தோ வந்த வாழைமரம்.

கவிழ்த்துப் போட்ட பரிசலின் மேல்
பன்னிரண்டு நாளாக உட்கார்ந்திருந்த குட்டியப்பன்
"வடிஞ்சிடுச்சா?" என்று என்னைத்தான் கேட்பார்,
ஆற்றை எதிரில் வைத்துக்கொண்டு.
தாளில் வடிந்தால்தான் கலெக்டர் தடையை எடுப்பாராம்.
எட்டாயிரத்தில் எடுத்தார்கள்.
அன்றைக்கு ஒகேனக்கல்லில் மீன் வறுத்த வாசம்
மடம் செக்போஸ்ட் வரை வந்தது.
குறைந்ததை இப்படிக் கொண்டாடுகிற ஊர்
வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

ஒருமுறை 'தேய்ந்தது' என்று அனுப்பினேன்.
"தேய்றதுக்கு இன்னொண்ணு உரசணும்.
சோப்பு தேயும். டயர் தேயும்.
ஆறு எதுமேல உரசுது?"
பாறை மேல், என்றேன்.
அப்படியென்றால் பாறைதானே தேயணும், என்றான்.
சரி, நிலா எதில் உரசுகிறது, என்றேன்.
அன்றைக்கு இருபத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறோம்.
அது ஆடி.

ஐப்பசியில் பன்னிரண்டு நிமிடம்.
தையில் நான்கு.
மாசியில் "சரி, வந்துச்சு."
பங்குனியில் இரண்டு நீலக் குறி.

சண்டை இல்லை.
சண்டையென்றால் 'சரிந்தது' என்று எழுதிவிடலாம்.
சரிவுக்கு ஒரு தேதி உண்டு,
முந்தின நாள், அடுத்த நாள் உண்டு.
'குறைந்தது' என்றால்
யார் மேலோ குறை சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.
அவனுக்கு வேலை கூடியிருக்கலாம்.
பெண் பார்த்திருக்கலாம்.
என் குரலில் செய்தி தீர்ந்திருக்கலாம்.
பிலிகுண்டுலுவில் அளவுகோல் நட்டிருக்கிறார்கள்;
இங்கே யாரும் நடவில்லை.
பில்லைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

சித்திரை. ஐந்நூறு கன அடி.
ஐந்தருவியில் ஒன்றரை அருவி.
எண்ணெய் தேய்க்கிறவர்கள்
பாறை நிழலில் சீட்டாடுகிறார்கள்.
எழுதுவதற்குச் சொல் கிடைக்காமல்
அகராதியைப் புரட்டினேன்.

அருகு: பக்கம்.
அருகு: கொஞ்சங் கொஞ்சமாகக் குறை, அரிதாகு.

இரண்டு தடவை படித்தேன்.
பக்கத்தில் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும்
எப்படி ஒரே எழுத்துகளைக் கொடுத்தார்கள்?
வேர் வேறு வேறாக இருக்கலாம்.
அதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
தண்ணீர் அருக அருகத்தான்
ஆட்கள் அதன் பக்கத்தில் போகிறார்கள்.
ஆடியில் கம்பிக்கு இப்பால் நின்றவர்கள்
இப்போது நடு ஆற்றில்
துணி துவைக்கிறார்கள்.

அனுப்பினேன்: நீர்வரத்து அருகி வருகிறது.

போன் அடித்தது.
"கிட்ட வருதுன்னு படிப்பாங்க."
"படிக்கட்டுமே."
சிரித்தானா, மூச்சு விட்டானா தெரியவில்லை.
பின்னால் யாரோ பக்கம் கேட்டுக் கத்தினார்கள்.
"மாத்தவா?"
நான் எதுவும் சொல்லவில்லை.
அவனும் வைக்கவில்லை.
ஒரு நிமிடம், பத்து வினாடி.

மறுநாள் தாளில் அந்த வரி அப்படியே இருந்தது.
டீக்கடையில் குட்டியப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"அருகில வருதாமே தண்ணி" என்றவர்
டம்ளரை வைத்துவிட்டு
பரிசலை நிமிர்த்தப் போனார்.

நான் தடுக்கவில்லை.