எட்டாவது மாடியில் ஊதா வெளிச்சம்

உறையில் முப்பது விதைகள் என்று எழுதியிருந்தது.
வெள்ளைத் தட்டில் தட்டி எண்ணினால் இருபத்தெட்டு.
மீதி இரண்டும் என் கைரேகைக்குள் போயிருக்கலாம்,
அல்லது விற்றவன் எண்ணும்போது தும்மியிருக்கலாம்.
தூசு மாதிரி என்று சொல்ல மாட்டேன்.
தூசு இதைவிடக் கனம்.

பகலில் ஓஸ்ட்ராவா உருக்காலையில்
நாற்பது டன் இரும்புக் குழம்பைக்
கொப்பரையோடு தூக்கி அலுங்காமல் நகர்த்துகிறவள் நான்.
சாயங்காலம் சமையலறையில்
நாக்கில் நனைத்த பல்குத்தி முனையால்
ஒவ்வொரு விதையாய் ஒற்றி எடுத்து
வெந்து ஆறிய மணல்மேல் வைத்தேன்.
மேலே மண் போடக்கூடாது.
தொட்டியைப் பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி, வாயை ஒட்டி,
விளக்கின் கீழ் நகர்த்திய பிறகுதான்
மூச்சு விட்டேன்.

ஆப்பிரிக்காவின் தெற்கில்
ஒரே ஒரு குன்றில் மட்டும் பிறக்கிற செடி.
பச்சைத் திராட்சையை உரித்துத் தரையில் வைத்தாற்போல
இலையுமில்லாமல் தண்டுமில்லாமல் ஒரு துளி.
கடப்பாறையோடு அந்தக் குன்றில் ஏறுகிறவர்கள் உண்டு.
எனக்கு விதை போதும்.
காத்திருக்கத் தெரியும்,
கிரேன் கூண்டில் பாதி வேலை அதுதான்.

ஒன்பதாம் நாள் பதினொன்று முளைத்தன,
குண்டூசித் தலையில் பாதி.
பன்னிரண்டாம் நாள் பூஞ்சை நாலைத் தின்றது.
பதினைந்தாம் நாள் ராத்திரி
போலீஸ் வந்தது.

எதிர்க் கட்டடத்து ஹவ்ரானெக் புகார்:
விடிய விடிய ஊதா வெளிச்சம்,
கஞ்சாவாகத்தான் இருக்கும்.
சின்னவர், ஷிமீசெக் என்று பெயர்,
பூட்ஸைக் கழற்றிவிட்டு
ஓட்டைக் காலுறையோடு கூச்சமாய் நின்றார்.
மூத்தவர் கழற்றவில்லை.
"செடி எங்கே?"
காட்டினேன்.
"எங்கே?"
மறுபடி காட்டினேன்.
பிறகு, முள் எடுக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை நீட்டினேன்.

குனிந்தார். தொப்பி விளக்கில் இடித்தது.
சுவருக்குள் வெந்நீர்க் குழாய் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
"ஏழு" என்றார் வெகுநேரம் கழித்து.
"ஏழு" என்றேன்.
"எப்போது பெரிதாகும்?"
"நாலு வருஷத்தில் பட்டாணி அளவு. பிழைத்தால்."
குறிப்பேட்டில் என்னவோ எழுதி,
அடித்து,
திரும்ப எழுதினார்.
போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்,
குழந்தை தூங்குகிற வீடு மாதிரி.

மறுநாளே கனத்த திரை வாங்கி மாட்டினேன்.
டிசம்பரில் டிராம் நிறுத்தத்தில் ஹவ்ரானெக்,
காதுவரை கம்பளிக் குல்லாய்,
என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக் கேட்டார்:
"உங்கள் விளக்கு கெட்டுவிட்டதா?"
"இல்லை. திரை."
"ஓ."
பனி பெய்துகொண்டிருந்தது.
"ராத்திரியில் எனக்கு ஜன்னல்தான்" என்றார்.
அதற்குள் எட்டாம் நம்பர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு சாண் விலக்கி வைக்கிறேன்.

ஏழில் இப்போது மூன்று.
அதில் ஒன்றின் தோல் காகிதமாய் வெளுத்துச் சுருங்குகிறது.
செத்துப்போனது போலத்தான் இருக்கிறது.
உள்ளே புதியது
பழையதைக் குடித்துக்கொண்டிருக்கிறது.
கை பரபரக்கிறது.
இப்போது தண்ணீர் ஊற்றக்கூடாது.