இடர்க் காரணிகள்

கையுறை செய்கிற கம்பெனி ஒன்று
பங்குச் சந்தைக்கு வந்தது ஆனி மாதம்.
பங்கு ஒன்றுக்கு முந்நூற்று நாற்பத்தெட்டு,
குறைந்தது நாற்பத்திரண்டு வாங்கவேண்டும்.
பதினான்காயிரத்து அறுநூற்றுப் பதினாறு ரூபாய்.
மழைக்கு முன் எனக்க எழுபது சென்ட் தந்த
கடைசி ஷீட்டின் காசு
ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஐந்து நாளாய் வெட்டு இல்லை.
மரங்களில் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன.
மார்த்தாண்டத்தில் பி.காம் படித்துவிட்டு
விடிய மூன்றரைக்கு
நெற்றியில் விளக்குக் கட்டுகிறவள் நான்.
அந்த ஐந்து நாளும்
நானூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையைப்
போனில் விரலால் அகட்டி அகட்டி வாசித்தேன்.
யாருக்கு எவ்வளவு கடன்,
வருகிற பணத்தில் புது இயந்திரத்துக்கு எவ்வளவு,
பழைய முதலாளிகள் தங்கள் பங்கை விற்றுக்
கையோடு கொண்டுபோவது எவ்வளவு.

முப்பத்தொன்றாம் பக்கம். இடர்க் காரணிகள்.
ஏழாவது:
இயற்கை ரப்பரின் விலை ஏறினால்
எங்கள் லாபம் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

திரும்ப வாசித்தேன்.
அது நான்.
ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று நான் கேட்பதை
யாரோ ஒரு வக்கீல்
ஏசி அறையில் உட்கார்ந்து
ஆபத்து என்று எழுதியிருக்கிறார்.

சாயா குடிக்க வந்த கொழுந்தன் தாசையன் சிரித்தான்.
களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில்
வாரம் மூன்று லாட்டரி எடுக்கிறவன்.
"ஆள் கூடினா குலுக்கல்தானே இதும்?"
குலுக்கல்தான்.
"உனக்கது போனா போச்சு.
எனக்கது கிடைக்கலேண்ணா திரும்பி வரும்."
கிடைத்தால் என்ன ஆகும் என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு பான் கார்டுக்கு ஒரு விண்ணப்பம்.
ஆசைப்பட்டு ரெண்டு போட்டால் ரெண்டும் தள்ளுபடி.
எனக்கொன்று, எட்வினுக்கு ஒன்று.
என்ன விலை முடிவானாலும் சம்மதம் என்கிற கட்டத்தில்
டிக் போட்டேன்.
கடைசி நாள், மாலை ஐந்துக்குள்
வங்கியிலிருந்து வரும் கேள்விக்கு நான்
சரி சொல்லவேண்டும்.
ரப்பருக்குள் ரேஞ்ச் கிடையாது.
நாலே முக்காலுக்குச் சானல் கரையில்
குடையைக் கழுத்தில் இடுக்கி
நனைந்த விரலால் பின் நம்பர் அடித்தேன்.
ரெண்டு தரம் தப்பு. மூன்றாவது தரம் போயிற்று.

பணம் போகவில்லை, பூட்டிக்கொண்டது.
கணக்கில் தெரிகிறது, எடுக்க வராது.
அந்த வாரம் பார்த்துத்தான்
மகளுக்க பள்ளிக்கூட வேன்காரர் வந்தார்.
பணம் இருக்கு அண்ணா, ஆனா இல்ல என்றேன்.
அவர் என் முகத்தையே பார்த்தார்.

எட்வினுக்கு இல்லை.
அவன் பணம் மறுநாளே அவிழ்ந்தது, வேனுக்குப் போயிற்று.
எனக்கு நாற்பத்திரண்டு.
வெள்ளிக்கிழமை காலை பத்து மணி
புகைப்புரையில் ஷீட் திருப்பிப் போட்டுக்கொண்டே
போனைப் பார்த்தேன்.
முந்நூற்று ஐம்பத்தொன்று.
முந்நூற்று நாற்பத்தாறு.
முந்நூற்று நாற்பத்தொன்பது.
வித்துடு என்றான் எட்வின்.
வித்தா தரகு போக ஒரு கிலோ மீன் வரும் என்றேன்.
விற்கவில்லை. ஏன் என்று
இப்போதும் சரியாய்ச் சொல்லத் தெரியாது.

வெயில் வந்தது. வெட்டத் தொடங்கினேன்.
வரிவரியாய்ப் பால் இறங்குகிறது.
எந்த மரத்துப் பால் எந்த டாக்டர் கையில்
போய் ஒட்டுமோ.

சனிக்கிழமை
குலசேகரம் ஸ்ரீகண்டன் கடையில் தராசு ஆடி நின்றது.
"கிலோவுக்கு மூணு ரூவா இறங்கிருக்கு கேட்டீளா."

இருபது வருஷமாய்
அவர் வாய் மூடுமுன் சண்டை தொடங்குகிறவள் நான்.
அன்றும் போட்டேன். நன்றாகவே போட்டேன்.
என்ன,
அரை நிமிஷம் தாமதம்.