இருநூறு கிராம்

புன்டா அரினாஸில் நவம்பர் என்றால் காற்று.
பிடித்துக்கொண்டு நடக்க
நகராட்சி தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறது.
திங்கட்கிழமை ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கத் தொடங்குகிறார்கள்.
கம்பளிக் கூட்டுறவின் எடைக் கணினிக்கோ
இழுத்துக்கொண்டிருக்கிறது.
ஒருமுறை அணைத்தால் மூன்றாம் நாள்தான் எழுகிறது.

அதன் உயிரை வாங்கி வைக்க
சாந்தியாகோவில் எந்த வங்கியோ கழித்துவிட்ட
சர்வர் ஒன்று வந்திருந்தது.
மூடியைக் கழற்றினேன்.
அயலூர்த் தூசி. ஒரு ஸ்டேப்ளர் பின்.
பொருக்குத் தட்டிய வெப்பப் பசை.
சுரண்டித் துடைத்து
அரிசிமணி அளவு புதிதாக வைத்தேன்.

நினைவக அட்டைகள் எட்டு.
இரவு முழுக்கக் கேள்வி கேட்டதில்
ஆறாவது அட்டை பிறழ்சாட்சி.
எழுதிக் கொடுத்தது ஒன்று,
திருப்பிச் சொன்னது ஒன்று.
பிடுங்கினேன்.
ஜோடி ஜோடியாகத்தான் இருக்கவேண்டுமாம்,
குற்றமில்லாத ஐந்தாவதையும்
கூடவே பிடுங்கினேன்.

பயாஸுக்குள் போனால்
நான் தேடிய வரி அங்கே இல்லை.
அந்தச் சிப்புக்குத் திறமை இருக்கிறது,
இருப்பதாகச் சொல்ல
பழைய பயாஸுக்குத் தெரியவில்லை.
புதியதை ஏற்ற நான்கு நிமிடம்.
யுபிஎஸ்ஸில் ஏழு நிமிடம்.
நடுவில் மின்சாரம் போனால்
கையில் மிஞ்சுவது செங்கல்.

நிபால்தோ மாத்தே குவளையை
உறிஞ்சுவதை நிறுத்தினார்.
தகரக் கூரை எழுந்து எழுந்து உட்கார்ந்தது.
அறுபத்தொன்று சதவீதத்தில் விளக்குகள் போயின.
இருட்டில் அந்தத் திரை மட்டும்.
எழுபது. எழுபத்து நான்கு.
'யாஸ்னா, மூச்சு விடு' என்றார்.
அவரும் விடவில்லை.

பிறகு இரண்டு வரிகள் முளைத்தன.
ஒரு வீட்டுக்குள் பல ஒண்டுக்குடித்தனம் வைக்க
சம்மதமா என்று ஒன்று.
வாசற்கதவொன்றை, தராசின் கம்பி வரும் அட்டையை,
குடிவருபவருக்கே முழுசாகக் கொடுத்துவிடலாமா
என்று மற்றொன்று.
இரண்டுக்கும் ஆம் போட்டுச் சேமித்தேன்.

இதற்கு மறுதொடக்கம் போதாது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
பழையபடியே எழுந்து நிற்கும்.
மின்கம்பியைப் பிடுங்கி
விசிறி ஓய்ந்து
பலகையில் கடைசிப் பச்சைப் புள்ளியும் அவியும்வரை
எண்ண வேண்டும்.
முப்பது எண்ணினேன். நம்பிக்கையில்லாமல்
இன்னொரு முப்பது.

விடியற்காலை ஐந்தரைக்கு
கூடு விட்டுக் கூடு பாய்ந்தது பழைய கணினி.
அதே நீலத் திரை,
அதே எழுத்துப்பிழை உள்ள வரவேற்பு.
தான் இடம் மாறியது தெரியாமல்
தேதி கேட்டது.

நிபால்தோ இருபது கிலோ இரும்புக் கல்லைத்
தூக்கித் தராசில் வைத்தார்.
பத்தொன்பது புள்ளி எட்டு.
என் வயிறு கலங்கியது.
அவர் சிரித்துவிட்டார்.

முன்பு தராசின்மேல் ஒரு மரப்பலகை இருந்ததாம்.
அதற்காக எவனோ
இருநூறு கிராம் கழிக்கச் சொல்லி எழுதினானாம்.
பலகை உடைந்து அடுப்புக்குப் போய்ப்
பதினொரு வருஷம்.
அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டைக்கும்
ஆட்டுக்காரன் கண்ணெதிரே
இவர் பென்சிலால் கூட்டுகிறார்.

திருத்தித் தரவா என்றேன்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
நாக்கில் தொட்டு
இருபது என்று எழுதினார்.
'திங்கட்கிழமை போகட்டும்' என்றார்.

வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
கோட்டுப் பையில் மற்றக் கை போனபோது
தட்டுப்பட்டது
அந்த ஐந்தாவது அட்டை.