நூற்று முப்பத்து மூன்றாவது மீட்டர்

மீட்டருக்கு ஒரு குவியல்.
மேலே வரும் பாறைத்தூளை மண்வெட்டியில் ஏந்தி
வரிசையாகக் கொட்டுவது என் வேலை,
பத்துப் பத்தாக,
விலை கேட்க ஆளில்லாத சந்தைக் கூறுகள் போல.
முதலில் சிவப்பு மணல்.
பிறகு சுண்ணாம்பு வெள்ளை.
முப்பதைத் தாண்டியதும் எல்லாம் சாம்பல்,
மைக்கா மினுங்கும் சாம்பல்.

ஒகக்கராராவுக்குக் கிழக்கே
முள்மரமும் கம்பிவேலியும் தவிர
வேறெதுவும் நிமிர்ந்து நிற்காத நிலத்தில்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் கயேரா.
மாட்டுக்கொம்பாய் இருபுறம் நீளும் தலைத்துணி,
மடியில் பள்ளிக்கூட நோட்டு.
ஆழத்தை அவள் மீட்டரில் எழுதவில்லை.
இரண்டு குழாய்க்கு ஒரு மாடு.
பெயரோடு எழுதியிருக்கிறாள்:
புள்ளிக்காரி,
வால் அறுந்தவள்,
லாரியைக் கண்டால் ஓடுகிறவள்.
பத்தாவது பெயருக்குக் கீழே
தாள் கிழியும் அழுத்தத்தில் ஒரு கோடு.
நேற்றே போட்டது,
இரைச்சல் தொடங்கும் முன்,
ஆசை வாய் திறக்கும் முன்.

கிணறு வெட்டினால் பூதம் புறப்படும் என்பார்கள்.
எங்களுக்குப் பூதமும் வரவில்லை.
நூற்றிருபதில் இயந்திரத்தை அணைக்க
உவாசுவா கை நீட்டியபோது
கடைசிக் குவியல் கொஞ்சம் கறுத்திருந்தது.

ஈரம்.

கயேரா எழுந்து வந்தாள்.
கிள்ளினாள், மோந்தாள், நாக்கில் வைத்தாள்.
“இது என் தண்ணீரா, உன் சோப்பு நுரையா?”

துளைக்குள் நாங்கள் அனுப்பும் நுரையும் ஈரம்தான்.
உவாசுவா தொப்பியைக் கழற்றினான்.
“தெரியாது.
என்னைக் கேட்காதே அம்மா,
மீட்டர் கணக்கில் சாப்பிடுகிறவன் நான்.
என் வாய் ‘இன்னும் கொஞ்சம்’ என்றுதான் சொல்லும்.”

மேற்கே ஒருவன் எண்பதில் விட்டுப் போனான்,
அதே துளையில் அடுத்து வந்தவனுக்கு
எண்பத்து நான்கில் பீறிட்டது.
வேறொருவன் இருநூற்றுப் பத்துவரை போய்
மாடு தீர்ந்து, வேலிக்கம்பியையும் விற்றான்.
இந்தப் பக்கம் எல்லோருக்கும் இரண்டு கதையும் தெரியும்.
அன்றைக்கு எது வேண்டுமோ
அதைச் சொல்லிக்கொள்வார்கள்.

கோட்டுக்கு அடியில்
பதினோராவது பெயர் எழுதினாள்.
பேனா சிறிது திக்கியது.
இரண்டு குழாய். பன்னிரண்டு குவியல்.
ஒன்று ஈரம், நான்கு உலர்,
ஒன்று ஈரம் மாதிரி.
வெயில் பட்டதும் அதுவும் இல்லை.
“இறக்கு, இன்னும் இறக்கு” என்று
உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.
மாடு என்னுடையது இல்லை.

மூன்று மணி.
மாடுகள் வேலியோரம் திரண்டு கத்தத் தொடங்கின.
அரசாங்கத் தொட்டிக்குப் பதினான்கு கிலோமீட்டர்.
இருட்டுமுன் போய்ச் சேர வேண்டும்.
“போதும்” என்றாள்.
அவற்றைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

இயந்திரம் நின்றது.
காதுக்குள் மட்டும் இரைச்சல்
கொஞ்ச நேரம் தோண்டிக்கொண்டிருந்தது.

மூடியைத் திருகும் முன்
ஒரு கல்லை உள்ளே விட்டாள்.
மண்டியிட்டு,
இரும்பு விளிம்பில் காது வைத்தாள்.
நான் மனதில் எண்ணினேன்.
ஐந்து. ஆறு. ஏழு.
கல் எப்போதோ அடியைத் தொட்டிருக்கும்.
ஒன்றும் கேட்கவில்லை என்பதை
எத்தனையாவது எண்ணில் ஒப்புக்கொள்வது?

பதினேழில் அவள் எழுந்து
பாவாடைத் தூசியைத் தட்டிக்கொண்டாள்.
மாடுகளை நோக்கி நடந்தாள்.

நான் இருபத்து மூன்றுவரை எண்ணினேன்.