கழுத்துப் பக்கம்

மேயர் அணிந்தால் நீலம் கழுத்துப் பக்கம்.
நாடாளுமன்ற உறுப்பினர் அணிந்தால் சிவப்பு.
மற்றபடி அதே பட்டு, அதே மூன்று நிறம்,
திருப்பிப் போட்டால் ஆளே வேறு.
பதினேழு வருடமாய் அதைத் தேய்த்து மடிப்பவள் நான்,
சென்-ரொமேன் ஊர்மன்றத்தின் காரியதரிசி,
வாரத்துக்கு இருபத்தொரு மணி நேரச் சம்பளம்.

ஜூன் மாதம், ஞாயிறு இரவு,
கேத்தான் வெய்சேர் ஜெயித்தார்.
திங்கள் காலை நாட்காட்டியில்
முப்பது கட்டம் எண்ணிப் பென்சிலால் வட்டம் போட்டேன்.
இரண்டுக்கும் போட்டியிடலாம், இரண்டிலும் ஜெயிக்கலாம்.
உட்காரத்தான் கூடாது.
ஒரு மாதத்துக்குள் பழைய நாற்காலியை அவர் விட வேண்டும்,
இல்லையென்றால்
அது அவரை விட்டுவிடும்.

நான்கே வரிதான் ராஜினாமா.
தட்டச்சு செய்து மேசைமேல் வைத்தேன்.
அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.
"கல்லறைச் சுவர் முடியட்டும், ஒதில்."
அடுத்த வாரம் மதகு.
அதற்கடுத்து, இத்தனை வருடம் அவர் திரும்பியும் பாராத
பள்ளிக்கூடத்து மழைநீர்க் குழாய்.
ஏணி போட்டுத் தானே ஏறிப் பார்த்தார்.

அவருக்கு முன்னிருந்த பெர்னெட்டுக்கு இந்த அவஸ்தை இல்லை.
அப்போது சட்டம் வேறு.
செவ்வாய்க்கிழமை பாரீஸ், சனிக்கிழமை இங்கே.
பாலம் வந்தது அப்படித்தான், அமைச்சரின் முழங்கையைப் பிடித்து,
உணவு இடைவேளையில்.
நான் மறுக்கவில்லை, தினமும் அந்தப் பாலத்தில்தான் வருகிறேன்.
ஆனால் செவ்வாய் முதல் வெள்ளி வரை
பிறந்தவர்கள், செத்தவர்கள், வேலித் தகராறுக்காரர்கள்
எல்லாரும் வரிசையில் நின்றது என் மேசைக்கு முன்னால்.
ஒரு குழந்தைக்குப் பெயர் எழுத
அதன் அப்பன் மூன்று தடவை மலையிறங்கி வந்தான்.
பாலத்தில் அவன் பெயர் இல்லை.

இருபத்தேழாம் நாள், கல்யாணம்.
லிசோன், பால்பண்ணைக்காரர் பெண்.
அவசரத்தில் பட்டையைத் தானே மாட்டிக்கொண்டு வந்தார்.
சிவப்பு மேலே.
நான் பக்கவாட்டில் நின்றேன். எட்டடி தூரம்.
போய்த் திருப்பியிருக்கலாம்.
'தம்பதியர் ஒருவருக்கொருவர் உண்மையாய் இருத்தல் வேண்டும்'
என்று சட்டப் புத்தகத்திலிருந்து அவர் வாசித்தபோது
யாரும் சிரிக்கவில்லை.
எனக்கு மட்டும் இருமல் வந்தது.

திங்களன்று பெண்ணின் சித்தி தொலைபேசியில் வந்தாள்.
ஓய்வுபெற்ற போலீஸ்காரி, போட்டோவைப் பார்த்திருக்கிறாள்.
"இந்தக் கல்யாணம் செல்லுமா?"
செல்லும் அம்மா, என்றேன்.
கையெழுத்து மேயருடையதுதான்.
கழுத்துதான்
கொஞ்சம் முன்னாலேயே பாரீசுக்குப் போய்விட்டது.

முப்பதாம் நாள், ஐந்துக்குக் கால் மணி.
கையெழுத்துப் போட்டார்.
தாளில் காபிக் கோப்பையின் வட்டம்,
எந்த முத்திரையையும்விட அழுத்தமாக.
வேறு தாள் எடுக்கட்டுமா என்றேன்.
"வேண்டாம், போகட்டும். அதிகாரிகள் பார்க்கட்டும்."
பிறகு, பையனைப் போல:
"மன்றக் கூட்டத்துக்கு வரலாம் இல்லையா?"
சாதாரண உறுப்பினராக வரலாம்.
ஜன்னலோரம், ஹீட்டர் வேலை செய்யாத பக்கம்.

சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.
மண்டபம். குடிநீர்த் தொட்டி. தபால் பெட்டி.
கல்லறைச் சாவி மட்டும் வளையத்தில் சிக்கிக்கொண்டது.
என் நகத்தால் நெம்பினேன். நகம்தான் உடைந்தது.
"இருக்கட்டும்" என்றேன்,
"சனிக்கிழமை கொண்டு வாருங்கள்."

புதன் காலை மதாம் புஜோல் கூப்பிட்டாள்,
சாக்கடை மறுபடி அடைத்துக்கொண்டதாம்.
"மேயர் இருக்கிறாரா?"
மிரேய் சசன்யாக் பாலாடைக்கட்டி வாசனையோடு
அப்போதுதான் உள்ளே வந்து
நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.
இருக்கிறார், என்றேன்.