தம்புள்ளைப் பூனை

கரட் மூட்டைகளோடு
விடியப்புறம் மூன்றரைக்குச் சந்தையில் வந்து இறங்கியது.
இறங்கியது என்பது சரியில்லை.
லொறிப் பெடியன் சாக்கால் அமத்தி
தக்காளிப் பெட்டிக்குள் கவிழ்த்தான்.
முழங்கை வரை அவனுக்கு இரத்தம்.
எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்:
முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் கருகியிருந்தது.

வாய்க்காலடியில் விடு என்றார்கள்.
கோயிலடியில் விடு என்றார்கள்.
நான் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு
வட்டக்கச்சிக்கு மிதித்தேன்.
வழி நெடுகப் பெட்டி
என் முதுகோடு சண்டை பிடித்தது.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. பூசாத பின்னறை,
வெங்காயத்துக்கென்று வைத்தது.
அரைச் சாக்கு மணல், ஒரு சட்டி தண்ணீர்,
சரித்து வைத்த பெட்டிக்குள் என் பழைய சட்டை.
கதவைச் சாத்தினேன்.
மூன்று நாள் அந்த அறையில்
இரண்டு கண் மட்டும் குடியிருந்தது.

நாலாம் நாள் சட்டியை எடுக்கக் குனிந்தேன்.
பெருவிரலுக்குக் கீழே பல் இறங்கியது.
ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள்,
"வீட்டுப் பூனையோ, காட்டுப் பூனையோ?"
"இன்னும் முடிவாகேல்லை."
சிரிக்காமல் ஊசிக்குத் திகதி போட்டுத் தந்தாள்.

"விட்டிடுங்கோ அம்மா," என்றான் கஜீபன்,
"அதுக்கு எங்களைப் பிடிக்கேல்லை."
பிடிக்காமல் இல்லையடா, எங்களைத் தெரியேல்லை
என்று சொன்னேனே தவிர
எனக்கும் அவ்வளவு நிச்சயமில்லை.

அதன் பிறகு இதுதான் வேலை:
பொழுதுபட்டதும் உள்ளே போய்
சுவரைப் பார்த்தபடி இருப்பது.
அதைப் பாராமல் இருப்பது.
யார் யார் கடன் என்று வாய்விட்டுக் கூட்டுவது,
குரலாவது பழகட்டும் என்று.
நெத்தலிக் கருவாட்டை நாளுக்கு ஒரு சாண்
என் பக்கமாக நகர்த்துவது.
சாமத்தில் வந்து தின்றுவிட்டுப் போகும்.
விடிந்தால் வெறும் தரை.

ஒருநாள் மழை.
தகரத்தில் கொட்டத் தொடங்கியதும்
சுவரில் ஏறியது, விழுந்தது, ஏறியது,
நகம் சீமெந்தில் கீறும் சத்தம்.
நான் எழும்பவில்லை.
தகரத்தில் எது விழுந்தாலும்
எனக்கும் வயிறு இறுகும், இப்போதும்.
மழை விடும் வரை இருந்தோம்,
அது அதன் மூலையில், நான் என் மூலையில்.

வா பூஸ். வா குஞ்சு. வா என்ரை ராசாத்தி.
கூப்பிட என்னிடம் இருந்த சொல்லெல்லாம் தீர்ந்தது.

கத்தரிக்காய் விலை விழுந்த அன்று
முப்பது கிலோவை மாட்டுக்குக் கொட்டிவிட்டு வந்து
சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஒரு குரல்,
கதவுக் கொண்டி உரசுவது போல. முதல் குரல்.
திரும்பாமலே, சலிப்பில் கேட்டேன்:
"என்ன?"
பெட்டி அசைந்தது.
"என்ன, இப்ப என்ன?"
வந்தது.
கருவாட்டைத் தாண்டி, ஊசி போட்ட கையைத் தாண்டி,
முழங்காலில் ஒருதரம் கன்னத்தைத் தேய்த்துவிட்டு
ஏதோ களவெடுத்தது போல ஓடியது.

லீக்ஸ் இறக்கிக்கொண்டிருந்த சுமணபாலவுக்குச் சொன்னேன்.
தோளிலிருந்த மூட்டை சரியச் சரியச் சிரித்தான்.
"அக்கே, எங்கட பாசையில 'என்ன' சொன்னா
'வாங்கோ'தானே."
பன்னிரண்டு வருசமாக அவன் லொறிக்கு முன்னால் நின்று
என்ன விலை, என்ன விலை என்று கேட்கிறேன்.
அதுதான் விடாமல் வருகிறான் போல.

"நெத்தலி வாசத்துக்கு வந்திருக்கும்" என்கிறான் கஜீபன்.
இருக்கலாம்.
லான்ட்மாஸ்டர் ஒன்று ஒழுங்கையால் போனால்
இன்னும் வெங்காயச் சாக்குக்குப் பின்னால்தான் சீவியம்.
நேற்றும் கீறியது, ஆனால் நகத்தைப் பாதி மடக்கி.
கருகிய இடத்தில் வெள்ளையாக மயிர் வருகிறது.
கடைசி ஊசி புதன்கிழமை.

இன்று இரவு அறைக் கதவைச் சாத்தவில்லை.
குசினியில் நின்று கேட்கிறேன்:
கணக்குக் கொப்பியைப் பாதியில் விட்டுவிட்டு,
எனக்குக் கேட்காது என்று நினைத்து,
இருட்டுப் பக்கமாக ஒரு பெடியன்
மெல்ல மெல்லச் சொல்லிப் பார்க்கிறான்,
என்ன...
என்ன...